ஃபிரிட்ஜுக்குள் சாவி

இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் வீட்டுக்குள் போய் அவர்கள் ஃபிரிட்ஜை அணைப்பது என் தொழில். கேட்டால் கோமாளித்தனமாக இருக்கும். ஆவணப்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிறேன். ஒரு மனுஷி தான் படும் பாட்டையெல்லாம் சொல்ல உட்காரும்போது பின்னால் ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தால், எடிட்டிங்கில் இருப்பவர் என்னைத்தான் திட்டுவார். அதனால் ஃபிரிட்ஜை அணைப்போம். மின்விசிறியை நிறுத்துவோம். சுவர்க்கடிகாரத்தைக் கழற்றித் தலையணைக்கு அடியில் திணிப்போம். பிறகு வேர்த்து வடிய உட்கார்ந்திருக்கும் அந்த ஆளைப் பார்த்து, "இயல்பா பேசுங்க" என்று சொல்வோம்.

அணைத்ததைத் திரும்பப் போட மறக்காமல் இருக்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். வீடு போய்ச் சேர சாவி வேண்டும், சாவி வேண்டுமென்றால் ஃபிரிட்ஜைத் திறந்தாக வேண்டும், திறந்தால் ஞாபகம் வந்துவிடும். யார் கண்டுபிடித்ததோ, புண்ணியவான். எத்தனையோ வீட்டு ஃபிரிட்ஜுக்குள் என் சாவி குளிர்ந்திருக்கிறது. ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் பைக் மெக்கானிக்கிடம் கிடந்தது. நான் கேமராக்காரன் ஒல்லியின் காரில் தொற்றிக்கொண்டு போயிருந்தேன்.

பிரசவம் முடிந்து வேலைக்குத் திரும்பும் பெண்களைப் பற்றிய படம் அது. நாங்கள் மூன்றே பேர். ஒல்லி, நான், டைரக்டரம்மா. டைரக்டரம்மாவுக்கு முப்பத்து நாலு வயது. என்னைக் 'காதண்ணே' என்று கூப்பிடுவாள். இந்தப் படத்துக்காக இரண்டு வருஷம் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி, கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தாள். எனக்கு அவள் மேல் மரியாதை உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் அவளைப் பற்றி வேறு மாதிரி நினைத்துவிடாதீர்கள்.

நாங்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தது ஒரு தையல்காரியை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சட்டைக்குக் காலர் வைப்பவள். மெயின் ரோட்டை ஒட்டிய கட்டடத்தில் மூன்றாவது மாடி. ஒரு கூடம், ஒரு உள்ளறை, கூடத்தின் ஓரத்திலேயே சமையல் மேடை. புருஷன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் இரண்டு தடவை தலை காட்டினால் பெரிய விஷயம். மூன்று மாதக் கைக்குழந்தை. கூடவே புருஷனின் அக்கா, அதாவது அவளுடைய நாத்தனார். நாற்பத்தாறு வயது. சின்ன வயதிலேயே வலிப்பு வந்ததால் கல்யாணம் என்ற பேச்சே எழவில்லை. காலையும் இரவும் மாத்திரை. கடைசியாக வலிப்பு வந்து ஆறு வருஷமாகிறது, ஆனால் மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் மந்தமாகத்தான் இருப்பாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளப்போவது அவள்தான்.

ஃபிரிட்ஜைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாய்ப்பாலுக்காகவே பழையதாக வாங்கிய ஃபிரிட்ஜ். உள்ளே பல்பு எரியாது. ஒரு தண்ணீர் பாட்டிலும், மேலே ஐஸ் பெட்டியில் நாற்பத்தொரு சின்னப் பிளாஸ்டிக் பைகளும் மட்டும் இருந்தன. ஒவ்வொன்றிலும் நீல மார்க்கரில் தேதி. குழந்தை எழுவதற்கு முன் எழுந்து, மூன்று வாரமாக, சொட்டுச் சொட்டாகப் பிழிந்து சேர்த்தது. டப்பாப் பால் கொடுத்துப் பார்த்து, குழந்தை வாந்தியும் பேதியுமாக மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதற்குப் பிறகு டப்பாவின் பேச்சை எடுக்கவில்லை. திங்கட்கிழமை அவள் வேலையில் சேர வேண்டும், இல்லையென்றால் பேரை எடுத்துவிடுவார்கள். அந்த நாற்பத்தொரு பையை நம்பித்தான் அந்தத் திங்கட்கிழமை இருந்தது. அடிக்கடி திறந்தால் குளிர் போய்விடும் என்று பகலில் யாரும் ஃபிரிட்ஜைத் தொடுவதுகூட இல்லை.

செவ்வாய்க்கிழமை அவளைக் கூடத்தில் உட்கார வைத்துப் பேட்டி எடுத்தோம். கழுத்தோரம் மைக் மாட்டி, எப்போதும் கேட்பதைக் கேட்டேன். "காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?" குரல் எவ்வளவு சத்தமாகப் பதிவாகிறது என்று லெவல் பார்க்க எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. இருபத்தாறு வருஷத்தில் மந்திரியிலிருந்து சாக்கடை அள்ளுகிறவர் வரைக்கும் யார் யார் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

"டீ மட்டும்தாண்ணே. அதுக்குள்ள இவன் எந்திரிச்சிட்டான்" என்றாள். சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே மேற்கொண்டு பேசப்போகிற மாதிரி மூச்சை இழுத்தாள். டைரக்டரம்மா எனக்கு விரலை உயர்த்திக் காட்டினாள். கெடுத்துவிடாதே என்று அர்த்தம். ஹெட்போனில் ஃபிரிட்ஜ் முனகியது. வழக்கமாக வீட்டுக்காரர்களைக் கேட்டுவிட்டுத்தான் அணைப்பேன். அன்றைக்குக் கேட்டால் அந்தப் பெண்ணின் பேச்சு அறுந்துபோகும். சத்தமில்லாமல் கையை நீட்டி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருந்த சுவிட்சை அணைத்தேன். நாத்தனார் உள்ளறையில் குழந்தையைத் தூங்கப்பண்ணிக்கொண்டிருந்தாள். தையல்காரியின் முதுகு என் பக்கம். யாரும் பார்க்கவில்லை.

சட்டைப்பையைத் தடவினேன். சாவி இல்லை. மறக்கவா போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் முக்கால் மணி நேரம் பேசினாள். "மெஷின்ல உக்காந்திருக்கும்போதே பால் கட்டும்னு சொல்றாங்க. கட்டுச்சுன்னா அந்த நிமிஷம் வீட்டுல இவன் அழறான்னு அர்த்தமாம். அழறான்னு தெரியும். தெரிஞ்சுக்கிட்டே காலரைத் தைக்கணும்." டைரக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேச்சு முடியவும் குழந்தை வீறிட்டது, நேரமாகிவிட்டது, ஒரு மணிக்குள் தொழிற்சாலையில் வேலைக்குத் திரும்பும் கடிதம் கொடுக்க வேண்டும், வாசலில் ஒரு ஷாட் வேண்டும், ஓடுங்கள் ஓடுங்கள் என்று அமர்க்களமானது. குழந்தைக்குப் பால் கொடுத்து நாத்தனாரிடம் விட்டுவிட்டு அவள் இறங்கினாள். பின்னாலேயே மூட்டை முடிச்சோடு நாங்களும் இறங்கினோம்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனபோது வீடு இழவு விழுந்த மாதிரி இருந்தது. தையல்காரி கழுத்தை நீட்டினாள், மைக்கை மாட்டினேன். நாத்தனார் உள்ளறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் மாட்டினேன். ஏதோ நடந்திருக்கிறது என்று டைரக்டரம்மாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ஒல்லியைப் பார்த்தாள், கேமரா ஓட ஆரம்பித்தது.

"இதையும் எடுங்க" என்று சொல்லி, மேடைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியை இழுத்துக் கூடத்தின் நடுவில் வைத்தாள் தையல்காரி. வாளிக்குள் அந்தப் பைகள். எல்லாம் தொளதொளத்துக் கிடந்தன. நீல மை கரைந்து பாதித் தேதிகள் அழிந்திருந்தன. விடியற்காலையில் புதுப் பையை வைக்கத் திறந்திருக்கிறாள். தரையெல்லாம் தண்ணீர். சுவிட்ச் அணைந்திருந்தது.

சட்டைப்பையை மறுபடி தடவினேன்.

"என் புருஷன் ஊர்ல இல்ல. நான் ஃபேக்டரிக்குப் போயிருந்தேன். வீட்டுல இருந்தது யாரு?" அவள் கேமராவைப் பார்த்துத்தான் கேட்டாள், ஆனால் கேள்வி உள்ளறை வாசலுக்குப் போனது. "இன்னும் மூணு மாசம் லீவு கேளு, லீவு கேளுன்னு தினம் என் உசுரை வாங்கினது யாரு? வாயால சொல்லி நடக்கல, கையால செஞ்சுட்டாங்க."

நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள். "நான் எதுக்கும்மா..." என்று ஆரம்பித்தாள்.

"ஒண்ணு பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும் உங்களுக்கு."

நாத்தனார் பதில் சொல்லவில்லை என்றுதான் அங்கே இருந்தவர்கள் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் என் காதில் ஹெட்போன் இருந்தது. அவள் கழுத்தில் என் மைக் இருந்தது. உதடு அசையாமல், மூச்சோடு மூச்சாக அவள் தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். "எப்ப அணைச்சேன்?" கொஞ்சம் விட்டு மறுபடியும், "எப்ப அணைச்சேன் நான்?"

அந்த நிமிஷமே ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு, நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம். வெட்கம். ஓடிக்கொண்டிருக்கும் காட்சிக்குள் ஒலிப்பதிவாளன் வாய் திறக்கக் கூடாது என்று இத்தனை வருஷமாக ஊறிப்போன பழக்கம் வேறு. இதைவிடக் கேவலம் ஒன்று செய்தேன். அவள் குரல் சன்னமாக இருந்ததால் என் கை தானாகப் போய் அவள் லெவலை ஏற்றியது.

கீழே டீக்கடையில் டைரக்டரம்மாவிடமும் ஒல்லியிடமும் சொன்னேன். ஒல்லி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான். டைரக்டரம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நிச்சயமா நீங்கதானா?"

"நேத்து டிராக்கைப் போட்டுக் கேட்டா தெரியும்மா. ஃபிரிட்ஜ் நிக்கிற சத்தம் இருக்கும். மறுபடி ஓடுற சத்தம் இருக்காது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "காதண்ணே, நீங்க கெடுத்தது பாலை மட்டும்தான். அவங்க சண்டை நீங்க உண்டாக்கினது இல்ல. அது உள்ள இருந்துச்சு, இன்னைக்கு வெளிய வந்துச்சு. ரெண்டு வருஷமா எந்த வீட்டுலயும் ஒரு பொம்பளையும் வாயத் திறக்கல. எல்லாரும் நல்லா இருக்கோம், நல்லா இருக்கோம்னாங்க. இன்னைக்குத்தான் ஒருத்தி நிஜத்தைப் பேசியிருக்கா."

"அந்தம்மா தான்தான் அணைச்சோம்னு நினைக்கிறாங்கம்மா."

"ஞாயித்துக்கிழமை ஷூட் முடிஞ்சிடும். முடிஞ்சதும் நானே உக்கார வெச்சு சொல்றேன். அதுவரைக்கும் பொறுங்க. எனக்கும் அலுத்துப்போச்சுண்ணே. சத்தியமா அலுத்துப்போச்சு."

"சரிம்மா" என்றேன். இருபத்தாறு வருஷத்தில் எனக்குப் படிந்துபோன பதில் அது. டைரக்டர்கள் எல்லோருக்கும் நான் சரிம்மா, சரிசார்.

அன்று சாயங்காலமே நாத்தனார் ஒரு துணிப்பையோடு கிளம்பி, ஊரின் மறுகோடியில் இருக்கும் சித்தப்பா மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். ரோஷம் என்றாள் தையல்காரி. போகட்டும் என்றாள். பிறகு குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அதையும் பதிவு செய்தேன்.

வியாழனும் வெள்ளியும் அவளோடு காப்பகம் காப்பகமாக அலைந்தோம். ஒரு இடத்தில் ஆறு மாதத்துக்குக் கீழே சேர்க்க மாட்டோம் என்றார்கள். இன்னொன்றில் இருபத்திரண்டு குழந்தைகளுக்கு ஒரே ஆயா. அந்த ஆயா ஒன்றைத் தோளிலும் ஒன்றை இடுப்பிலும் வைத்துக்கொண்டு, கதவைக் காலால் சாத்தியபடி, "இடமில்லம்மா" என்றாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் படிக்கட்டில் உட்கார்ந்து சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் தள்ளிச் சேரலாமா என்று கெஞ்சினாள். "வெளியில ஆள் நிக்குதும்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்று அந்த ஆள் சொன்னது அவளுக்குக் கேட்பதற்கு முன்னால் எனக்குக் கேட்டதுபோல இருந்தது. தினமும் காலையில் அவள் கழுத்தில் மைக்கை மாட்டும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் கிளிப்பைப் பார்த்தே மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி என் வீட்டில் இடிச்சபுளி மாதிரி உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரி என்னவென்று கேட்டாள். சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "இங்க நம்ம வீட்டுல ஒரு லைட்டை அணைச்சிருப்பியா நீ? ஊரான் வீட்டுலதான் கை நீளுது" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "அந்தக் கல்யாணமாகாத பொம்பளை இப்ப என்ன நெனச்சிட்டு உக்காந்திருக்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை பைக்கை எடுத்துக்கொண்டு அந்தச் சித்தப்பா மகள் வீட்டைத் தேடிப் போனேன். பதினொரு மணிக்குத் தையல்காரி வீட்டில் ஷூட். நான் இல்லாமல் கேமரா ஓடாது, அது எனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாகத் தாமதமாகப் போகப்போகிறேன்.

சித்தப்பா மகள் கதவைத் திறந்துவிட்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நாத்தனார் சமையலறையில் காஸ் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பு எரியவில்லை. அவள் கையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும். என்னைப் பார்த்ததும் நோட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள், பிறகு என்ன நினைத்தாளோ, மேடைமேல் வைத்துவிட்டாள்.

வரி வரியாக எழுதியிருந்தது. 'காலை 7.40. காஸ் மூடினேன். 7.42. மூடியதைப் பார்த்தேன். 7.55. மாத்திரை ஒன்று. 8.10. குழாய் மூடினேன். 8.10. பார்த்தேன். 8.30. காஸ் பார்த்தேன்.' புதன்கிழமை சாயங்காலத்திலிருந்து பதினாலு பக்கம்.

"ஒண்ணும் நெனச்சுக்காதீங்க சார். செய்யிறது எனக்கு ஞாபகம் நிக்கல போல இருக்கு" என்றாள். "திங்கக்கிழமை டாக்டரைப் பார்க்கணும். மாத்திரையை மாத்திக் குடுப்பாரோ என்னவோ. அன்னைக்கு மத்தியானம் நான் என்னென்ன செஞ்சேன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன். குழந்தைக்குத் துணி மாத்துனது ஞாபகம் இருக்கு. ஜன்னலைச் சாத்துனது ஞாபகம் இருக்கு. சுவிட்சுகிட்ட போனது மட்டும் வரவே மாட்டேங்குது."

"ரோஷப்பட்டு வந்துட்டீங்கன்னு..."

"ரோஷமா? எனக்கா?" அவள் சிரிக்க முயன்றாள். "இன்னைக்கு ஃபிரிட்ஜு. நாளைக்குப் புள்ளையைக் குளிப்பாட்ட வெந்நி வெச்சு, கலக்க மறந்துட்டேன்னா? அன்னைக்கு அவ கத்துன பொறவு அவனை நான் தூக்கவே இல்ல சார். பயம். இந்தக் கையை நம்ப முடியல."

நோட்டை மூடி வைத்தேன். "நீங்க அணைக்கல. நான்தான் அணைச்சேன். பேட்டி எடுக்கும்போது சத்தம் வருதுன்னு அணைச்சேன். திரும்பப் போட மறந்துட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

சொன்னேன். சாவிக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். நான் அணைத்த இடத்தை, எந்தக் கையால் அணைத்தேன் என்பதைக்கூட அவள் கேட்டாள். வலது கை என்றேன். திடீரென்று முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். கையை எடுத்தபோது அழவில்லை. கோபத்தில் முகம் சிவந்து போயிருந்தது.

"மூணு நாளு சார். மூணு நாளா எனக்குப் பித்துப் பிடிச்சிடுச்சுன்னு நெனச்சிட்டு உக்காந்திருக்கேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. நோட்டை என் பக்கம் தள்ளினாள். "இதுல எழுதுங்க. எத்தனை மணி?" 'செவ்வாய், காலை 11.15, ஃபிரிட்ஜை அணைத்தது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று தடவை படித்தாள். பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"பால் போனாப் போவுது" என்றாள். "ஃபேக்டரிக்கு இருபது நிமிஷ நடை. டீ இடைவேளைக்கு ஒண்ணு, சாப்பாட்டுக்கு ஒண்ணு, சாயங்கால டீக்கு ஒண்ணு. மூணு தடவையும் நானே அவனை ஃபேக்டரி வாசலுக்குத் தூக்கிட்டுப் போறேன். அவ வெளிய வந்து பால் குடுத்துட்டுப் போகட்டும். ரோட்டுல எனக்கு வலிப்பு வந்துடுமோன்னுதான் இத்தனை நாளா வாய் திறக்கல, லீவு கேளுன்னு சொல்லிட்டிருந்தேன். ஆறு வருஷமா ஒண்ணும் ஆகல. இப்ப என்ன ஆயிடப்போவுது? வண்டியை எடுங்க."

பின்சீட்டில் துணிப்பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தாள்.

மூன்றாவது மாடிக்கு ஏறியபோது பதினொன்றே முக்கால். ஒல்லி கேமராவை மாட்டிவிட்டு ஜன்னலோரம் நின்றிருந்தான். டைரக்டரம்மா போனும் கையுமாக இருந்தாள். குழந்தையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்த தையல்காரி, என் பின்னால் வந்தவளைப் பார்த்து நின்றாள். டைரக்டரம்மாவுக்கு என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. "காதண்ணே, இன்னும் ஒரு நாள்தானே இருந்துச்சு" என்றாள் மெதுவாக. திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் தையல்காரியிடம் நேராகச் சொன்னேன். இழுத்தடிக்கவில்லை, இரண்டே வாக்கியம். அவள் முதலில் ஃபிரிட்ஜைப் பார்த்தாள். பிறகு பின்னால் இருந்த சுவிட்சைப் பார்த்தாள். பிறகு என்னை.

"தினம் என் கழுத்துல இந்த மைக்கை மாட்டுனீங்களேண்ணே" என்றாள். "நேத்து அந்தப் படிக்கட்டுல உக்காந்து அந்தாளுகிட்ட கெஞ்சினேன். பக்கத்துலதானே நின்னீங்க. அப்பக்கூட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?"

"தோணுச்சும்மா. தைரியம் வரல."

"நாப்பத்தொரு பை." அவள் டைரக்டரம்மா பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா?" டைரக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டே ஆமாம் என்று ஆட்டினாள்.

நாத்தனார் இதுவரை வாசலிலேயே நின்றிருந்தாள். இப்போது உள்ளே வந்து, பேட்டிக்கு நாங்கள் போடும் அந்த மர நாற்காலியை இழுத்துக் கூடத்தின் நடுவில் வைத்தாள். "உக்காருங்க சார்" என்றாள் என்னிடம். டைரக்டரம்மாவிடம், "இவர் சொல்றதை எடுங்கம்மா. அன்னைக்கு எங்களை அவ்வளவும் எடுத்தீங்கல்ல, இதையும் எடுங்க. இன்னொண்ணு. அன்னைக்கு இவ ஒரு வார்த்தை சொன்னா பாருங்க, பெத்ததைப் பத்தி. அதை மட்டும் வெட்டிடுங்க. எனக்காக இல்ல. இவன் வளர்ந்து ஒருநாள் இந்தப் படத்தைப் பார்ப்பான். அவங்க அம்மா வாயில அந்த வார்த்தை வரக் கூடாது" என்றாள்.

தையல்காரி சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

டைரக்டரம்மாவின் படத்துக்கு முதுகெலும்பே அந்தப் புதன்கிழமைதான். அது இப்போது கையைவிட்டுப் போகிறது என்று அவள் முகத்தில் தெரிந்தது. எனக்கு அவளைப் பார்க்கவும் பாவமாகத்தான் இருந்தது. கடைசியில், "ஒல்லி, ஃபிரேம் வை" என்றாள்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். என் முகம் எந்த ஃபிரேமிலும் வந்ததில்லை, கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. ஒல்லி வந்து என் காலரில் மைக்கை மாட்டினான், ஒரு விரல் தள்ளி, தப்பான இடத்தில். நானே சரி செய்துகொண்டேன். ஹெட்போன் மேடைமேல் கிடந்தது. யார் கேட்பது என்று ஒல்லி சுற்றுமுற்றும் பார்த்தான். நாத்தனார் அதை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டு எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"காலையில என்னண்ணே சாப்பிட்டீங்க?" என்றான் ஒல்லி.

"ஒண்ணும் சாப்பிடல."

நாத்தனார் தலையை ஆட்டினாள். கேட்கிறது என்று அர்த்தம். ஃபிரிட்ஜ் பின்னால் முனகியது. பழக்கதோஷத்தில் என் கை அந்தப் பக்கம் நீண்டது. "அது ஓடட்டும்" என்றாள் அவள்.

சொன்னேன். செவ்வாய்க்கிழமை, பதினொன்றே கால், வலது கை. சாவி இல்லாதது. டீக்கடை. மூன்று நாள். எதையும் விடவில்லை. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே தையல்காரி சுவரை விட்டு நகர்ந்து வந்து நாத்தனார் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். "அக்கா" என்றாள். குழந்தையை அப்படியே தூக்கி அவள் மடியில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாத்தனாரின் இரண்டு கையும் குழந்தையைத் தொடாமல் காற்றில் நின்றன. தலையில் ஹெட்போன், மடியில் குழந்தை, கண் என் மேல்.

"இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

"ஃபிரிட்ஜை அணைச்சது நான்தான்மா. நீங்க இல்ல."

அவள் கை கீழே இறங்கிக் குழந்தையைப் பிடித்தது.

"இன்னொரு தடவை."